‘ரெஸ்டோரேஷன்’ தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

அனுப்பியவர்: சோழவந்தான் ஆசிரியர்

குழுவினருக்கு வணக்கம். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். வைகைக் கரைத் தென்னந்தோப்பு ஒன்றின் பம்ப்செட் அறையிலிருந்து குட்டி மோட்டார் சைக்கிள் ஒன்று எங்களுக்கு வந்தது. கைப்பிடி மடங்குகிறது, இருக்கைக் குழாயை உள்ளே இறக்கிவிடலாம். டேங்கில் பெயர் இல்லை. தகடு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைதான் மிச்சம். மாணவர்கள் மூன்று மாதம் உழைத்து ஓட வைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கண்காட்சி. ‘எம் மாணவர்கள் பழுதுபார்த்த மினிபைக்’ என்று பலகை எழுதினேன். பையன்களுக்கு மனம் ஒப்பவில்லை. “பஞ்சர் ஒட்டினாலும் பழுதுபார்ப்புதானே சார்” என்கிறார்கள். நியாயம்தான். ‘ரெஸ்டோரேஷன்’ என்பதற்கு நல்ல சொல் ஒன்று வேண்டும். மினிபைக்குக்கும் இருந்தால் கொடுங்கள்.

அனுப்பியவர்: மேலூர் புலவர்

ஆசிரியருக்கு வணக்கம். புதிதாக ஆக்கவே வேண்டாம், கல்வெட்டில் இருக்கிறது. கோயிலைப் பழுது நீக்கிப் புதுப்பிப்பதற்கென்று விட்ட நிலத்துக்குப் ‘புதுக்குப்புறம்’ என்று பெயர். விளக்கெரிக்க விட்டது விளக்குப்புறம், மடத்துக்கு விட்டது மடப்புறம். திருப்புவனத்துக்குப் பக்கத்து மடப்புரமும் முதலில் இந்த வல்லின றகரத்தோடுதான் இருந்திருக்கும் என்பது என் நெடுநாள் ஊகம். அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். இங்கே நமக்கு வேண்டியது ‘புதுக்கு’ என்ற வினை. புதுக்குதல், புதுக்கிய வண்டி. நான்கே எழுத்து, கலப்பில்லாத தமிழ்.

மினிபைக்குக்குச் ‘சிறுதேர்’ போதும். புதல்வர் குதிரையில்லாமல் உருட்டிய ‘முக்காற் சிறுதேர்’ பட்டினப்பாலையில் வருகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் ஒரு பருவமே சிறுதேருக்கு உண்டு. சக்கரம் இரண்டாகக் குறைந்தது ஒன்றுதான் வேறுபாடு.

அனுப்பியவர்: சிம்மக்கல் பட்டறைக்காரர்

புலவர் ஐயா மன்னிக்கணும். மதுரையில் தேர் என்றால் மாசி வீதியில் ஓடுகிற சித்திரைத் தேர்தான். பலகையைப் பார்க்கிற சனம் குழம்பும்.

போன சனிக்கிழமை வண்டியை நேரில் பார்த்தேன். வந்தவர்கள் எல்லாம் ‘பாபி பைக்’ என்றார்கள். இல்லை. ‘பாபி’ இந்திப் படத்தால் அந்தப் பேர் வாங்கிய ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175 சிசி, இதைவிடப் பெரிய உடம்பு. ஹோண்டா மங்கியோ என்று எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது, கைப்பிடி மடங்குகிறதே. 1961இல் ஜப்பானின் தாமா டெக் பூங்காவில் விளையாட்டு வண்டியாக, 5 அங்குலச் சக்கரத்தோடு பிறந்தது அந்த வம்சம். ஆனால் ஜப்பான் வண்டியில் மரை எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. இதன் அச்சில் மரை அளக்கிற பிட்ச் கேஜ் வைத்தால் அங்குலத்துக்கு 26 மரை.

சரி, அப்போ பிரிட்டன் வண்டி, கோர்கிதான் என்று முடிவுகட்டத் தோன்றும். இரண்டாம் உலகப் போரில் மடித்துப் பெட்டியில் வைத்துப் பாராசூட்டில் இறக்கினார்களே வெல்பைக், அதன் வாரிசு கோர்கி. சவுத்போர்ட்டில் புரோக்ஹவுஸ் கம்பெனி 1954 வரை செய்தது. 98 சிசி எக்செல்சியர் எஞ்சின், சிலிண்டர் படுத்திருக்கும். இதற்கும் அதற்கும் ஜாடை இருக்கிறது. ஆனால் அங்குலத்துக்கு 26 மரை என்பது நம்ம ஊர் சைக்கிள் அச்சிலும் உண்டு. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் சென்னையில் வந்தபோதே நமக்குப் பழகிய அளவு அந்த பிரிட்டிஷ் அளவுதான். சைக்கிள் உதிரியை வைத்துக் கோர்கியைப் பார்த்து இங்கேயே ஒருத்தர் கட்டியிருக்கலாம். இப்போது அதில் உட்கார்ந்திருப்பது லூனா மொபெட்டின் 50 சிசி எஞ்சின். லூனா வந்ததே 1972இல். அதைத் தாங்குகிற பட்டையை வெல்டு வைத்தது நம்ம ஊர்க் கை, பார்த்தாலே தெரிகிறது.

சொல்லுக்கு வருகிறேன். பட்டறையில் ‘பிரிச்சுக் கட்டுறது’ என்போம். அதையே போடுங்கள்.

அனுப்பியவர்: யாழ்ப்பாணத்து நண்பர்

இங்கே மோட்டார் சைக்கிளை உந்துருளி என்றே எழுதுகிறோம், செய்தித்தாளிலும் அதுதான். நன்னூல் 136 சொல்லும் ‘தன்னொற்றிரட்டல்’ உங்களுக்குத் தெரிந்ததே. சிறுமை + உந்துருளி = சிற்றுந்துருளி. மற்றதற்குப் ‘புனரமைப்பு’ என்பது எங்கள் வழக்கு.

அனுப்பியவர்: மேலூர் புலவர்

உந்துருளியை மனமார ஏற்கிறேன், சிறுதேரை விட்டுக்கொடுக்கிறேன். ‘புனர்’ வடசொல், அதற்கு உடன்பட மாட்டேன். ‘சீரமைப்பு’ என்று யாரேனும் சொல்லும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். சீர் தமிழ். கோயில் அழைப்பிதழில் வரும் ‘சீர்ணோத்தாரணம்’ என்பதில் உள்ள சீர்ணம் வேறு, அது வடமொழி ஜீர்ணம், சிதைந்தது என்று பொருள். ஒலி ஒன்றுபோல் இருப்பதால் இரண்டையும் ஒரே வேராக்கிச் சிலர் எழுதுகிறார்கள். சிதைவும் சீரும் எப்படி ஐயா ஒரு வேராகும்?

அனுப்பியவர்: தல்லாகுளம் மொழிபெயர்ப்பாளர்

ஐயா, வேர் இருக்கட்டும், பொருளைப் பார்ப்போம். மீனாட்சி கோயிலில் 2018 பிப்ரவரி 2 அன்று தீப்பிடித்த வீர வசந்தராயர் மண்டபத்துக்குச் ‘சீரமைப்பு’ என்று செய்திகளில் எழுதினார்கள். சாலைக்கும் அதே சொல், கண்மாய்க்கும் அதே சொல். கெட்டதைச் சரியாக்குவது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. ‘புதுக்குதல்’ இதற்கு நேர் எதிர். பழைய வண்டியைப் பழையதாகவே வைத்திருக்கத்தான் இத்தனை பாடு. அதைப் புதுக்கினால் வேலையே கெட்டுவிடும்.

‘மீட்டல்’ எனக்குப் பிடித்த சொல். ஆனால் இந்த வண்டிக்கு அதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அடகு வைத்த நகையை மீட்கிறோம், எந்த நகை என்று சீட்டில் எழுதியிருக்கிறது. கரந்தைத் திணையில் ஆநிரை மீட்கப் போனவர்களுக்கு அது யார் பசு என்று தெரியும். மீட்பதற்கு முன்பு அது எங்கே எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். பட்டறைக்கார அண்ணன் சொன்னதைப் பாருங்கள். வண்டியின் சட்டம் (ஃபிரேம்) 1950ஐ ஒட்டியதாக இருக்கலாம், எஞ்சின் 1972க்குப் பிந்தியது, அச்சு சைக்கிளிலிருந்து வந்திருக்கலாம். இதில் எந்த நாளுக்கு மீட்டோம் என்று பலகையில் எழுதுவீர்கள்? லூனா எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு எங்கிருந்தோ 98 சிசி எஞ்சினை வாங்கிப் பொருத்தினால், இல்லாத ஒரு கோர்கியை நாமே உண்டாக்கியதாக ஆகும். அதற்கு ‘மீளுருவாக்கம்’ என்று வேறு பெயர். அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அனுப்பியவர்: சோழவந்தான் ஆசிரியர்

அம்மா, செய்யவில்லை. என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன், அதற்கேற்ற சொல்லைத் தாருங்கள்.

துருவைத் தேய்த்து எடுக்கவில்லை. வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் துருப்பிடித்த பாகத்தை மைனஸிலும் கழிவு இரும்புத் துண்டைப் பிளஸிலும் கட்டி, பேட்டரி சார்ஜரில் இரவெல்லாம் விட்டோம். எவர்சில்வர் கரண்டியைப் பிளஸில் கட்டப் போன ஒரு பையனைத் தடுத்தேன், அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரையும். பிஸ்டன் இறுகியிருந்தது. டீசலும் எஞ்சின் ஆயிலும் ஊற்றி ஐந்து நாள் காத்திருந்தோம், சுத்தியலே எடுக்கவில்லை. பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்தோம், கண்டென்சர் புதிது.

டேங்கில் ஒரு ஓரத்தை மட்டும் நீர்த்தாள் போட்டுத் தேய்த்தோம். மேலே நீலம், அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் கரும்பச்சை. பையன்கள் மூவரும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் மூன்றையும் விட்டுவிட்டோம். லூனா எஞ்சினும் அப்படியே இருக்கிறது. அதைப் பொருத்திய மனிதர் இந்த வண்டியைச் சாகவிடாமல் காத்தவர், அவர் வேலையை அழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

முதல் நாளுக்கு மீட்டோம் என்று நான் சொல்லவில்லை அம்மா. பம்ப்செட் அறையில் முடங்கிக் கிடந்ததை ஓட்டத்துக்கு மீட்டோம். அவ்வளவு சொன்னால் பொய்யாகாது அல்லவா?

அனுப்பியவர்: தல்லாகுளம் மொழிபெயர்ப்பாளர்

ஆகாது. அப்படியென்றால் ‘மீட்டெடுத்தல்’ சரி. ‘மீட்டமைத்தல்’ மட்டும் வேண்டாம். கைப்பேசியில் ‘மீட்டமை’யை அழுத்தினால் உள்ளதெல்லாம் அழிந்துவிடுகிறது, பையன்கள் செய்ததற்கு நேர் மாறு. ‘எதிலிருந்து’ என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அனுப்பியவர்: யாழ்ப்பாணத்து நண்பர்

மீட்டெடுத்தலுக்கு எனக்கும் சம்மதம். நேரம் நள்ளிரவு, இனி நான் எதற்கும் சம்மதிப்பேன்.

அனுப்பியவர்: மேலூர் புலவர்

என் மறுப்பைப் பதிந்துவிட்டு ஒதுங்குகிறேன். மீட்டெடுத்தல் இரண்டு வினையின் கூட்டு. மீட்டு என்றாலே எடுத்தது அடங்கிவிடுகிறது, ‘எடு’ அங்கே வேலையின்றி நிற்கிறது. ‘மீட்பு’ என்று நிறுத்தியிருக்கலாம். தீயணைப்பு நிலையத்துப் பலகையில் ‘மீட்புப் பணி’ இருக்கிறது என்பீர்கள், இருக்கட்டுமே, அதுவும் உயிரைக் காப்பதுதான். இன்னொன்று. புதுக்குதல் பழையதை அழிப்பது என்றார் அம்மா. புதுக்குப்புறம் விட்டவர்கள் கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டச் சொல்லவில்லை, நின்றுகொண்டிருப்பதைக் காக்கத்தான் சொன்னார்கள். இந்த வழக்கில் நான் தோற்றதாக எண்ணவில்லை.

அனுப்பியவர்: சோழவந்தான் ஆசிரியர்

எல்லோருக்கும் நன்றி. பலகை எழுதக் கொடுத்துவிட்டேன்:

‘சிற்றுந்துருளி (மினிபைக்). பிறந்த இடம் தெரியவில்லை. பம்ப்செட் அறையில் முடங்கிக் கிடந்ததை எம் மாணவர்கள் ஓட்டத்துக்கு மீட்டெடுத்தார்கள்.’

புலவர் ஐயா, வெள்ளிக்கிழமை அவசியம் வர வேண்டும். பையன்கள் புதுக்குப்புறம் பற்றிக் கேட்க வேண்டும் என்கிறார்கள்.

அனுப்பியவர்: சிம்மக்கல் பட்டறைக்காரர்

ஐயா, ஸ்டியரிங் கழுத்துக்கு அடியில் சுத்தியலால் அடித்துப் பதித்த எண் மாதிரி ஏதோ என் விரலில் தட்டுப்பட்டது. பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது. கண்காட்சி முடிகிறவரை அந்த இடத்தை யாரும் துடைக்கக்கூடச் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை தின்னரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு நான் வருகிறேன்.