விஞ்ஞானத்துக்கும் கைவைக்கக் கூடாத நம்பிக்கைகள் இருக்கோ?

வடலி:
விஞ்ஞானத்திலை எல்லாத்தையும் கேள்வி கேக்கலாம் எண்டுற ஆக்களுக்கு ஒரு கணக்கு. 1941இல் பேர்ஜ் எண்ட அமெரிக்கப் பௌதிகவியலாளர் அதுவரை வந்த அளவீடுகளைத் தொகுத்து, ஒளியின் வேகம் செக்கனுக்கு 299,776 கிலோமீற்றர், வழு கூடக்குறைய 4 எண்டார். இண்டைய பெறுமானம் 299,792.458. சொன்ன வழுவைப்போல நாலு மடங்கு பிழை! முன்னவர் எண்ணுக்குக் கிட்ட வந்ததும் தங்கடை அளவீட்டிலை பிழை தேடுறதை நிப்பாட்டிப்போட்டினம் போலை. பிறகு 1983இல் அந்த வேகத்தை வைச்சே மீற்றரை வரையறுத்தாச்சு. இனி அது மாறினாலும் அளவுகோலும் சேர்ந்து மாறும். கதை முடிஞ்சுது.

குழாய்க்கிணறு:
அந்தப் பிழையைப் பிடிச்சது ஆர், சாத்திரியாரோ? 1950இல் எசென் எண்ட பிரித்தானியப் பௌதிகவியலாளர் உலோக உருளைக்குள்ளை நுண்ணலையைப் பரிவுறச் செய்து, மீடிறனையும் உருளையின்ரை அளவையும் வைச்சு 299,792.5 எடுத்தார். பழைய ஆக்கள் வெளிச்சத்தை விட்டுவிட்டு அனுப்பி நேரம் பாத்தவை. முறை முழுக்க மாறினால்தான் ஒரே பக்கச் சாய்வு வெளியிலை வரும்.
மீற்றர் வரையறையைக் காட்டிப் பயப்படுத்தாதேங்கோ. மின்காந்த விசையின்ரை பலத்தைச் சொல்லுற, அலகே இல்லாத நுண்கட்டமைப்பு மாறிலி இருக்கு. ஒளிவேகமும் அதுக்குள்ளை வருது, அலகு இல்லாதபடியால் அளவுகோலுக்குள்ளை ஒளிக்கேலாது. கபொன் நாட்டு ஒக்லோ யுரேனியத்திலை 235 சமதானி (அதே மூலகத்தின்ரை வேறை நிறையுள்ள அணு) 0.720 சதவீதம் இருக்கவேண்டிய இடத்திலை 0.717 இருந்ததை 1972இல் கண்டவை. கிட்டத்தட்ட 200 கோடி வருசத்துக்கு முந்தி அங்கை இயற்கையாகவே அணுத்தாக்கம் நடந்திருக்கு. சமாரியம் எண்ட மூலகம் நியூத்திரனை எவ்வளவு விழுங்கும் எண்டது அந்த மாறிலியிலை தங்கியிருக்கு. மிஞ்சிக் கிடக்கிற அதின்ரை சமதானிகளின் விகிதத்தைப் பாத்தால், அந்த மாறிலி கோடியில் ஒரு பங்கு அளவுக்கு மேலை மாறேல்லை.

வடலி:
அண்ணை, அந்தக் கணக்கிலை மிச்ச மாறிலியள் மாறேல்லை எண்டு ஆர் சொன்னது? ஒண்டைச் சோதிக்க ஒன்பதை நம்பவேண்டிக் கிடக்கு.

சுண்ணக்கல்:
ரெண்டு பேரும் ஒருக்கா யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணத்தடிக்கு வாங்கோ. அங்கை போட்ட தேசிக்காய் கடற்கரையிலை இருக்கிற கீரிமலைக் கேணியிலை மிதக்கும் எண்டு ஊரிலை சொல்லுவினம். சோதிக்கிறதெண்டால் ஃபுளோரசீன் எண்ட ஒளிருற சாயம் விடவேணும். அதுக்கு முன்னமே கேணியிலையும் கரையோர ஊற்றுகளிலையும் சாயத்தைப் பிடிச்சுவைக்கிற கரியை வலைப்பையிலை கட்டித் தொங்கவிட்டுப் பின்னணி அளவு எடுக்கவேணும், ஏனெண்டால் குளிக்கிற, தோய்க்கிற ஆக்களின்ரை சவர்க்காரத்திலை வெண்மைக்குப் போடுற பொருளும் ஒளிரும். சாயம் வரேல்லை எண்டு வையுங்கோ. தொடர்பில்லை எண்டு எழுதலாமோ? ஏலாது. வெயிலிலை சிதைஞ்சிருக்கலாம், களியிலை ஒட்டியிருக்கலாம், கடலுக்குக் கீழாலை வெளியேறியிருக்கலாம், நாங்கள் நேரத்தோடை கரியைக் கழட்டியிருக்கலாம். இவ்வளவையும் சந்தேகிப்பம். திணிவு காக்கப்படுது எண்டதை மட்டும் ஒருத்தரும் சந்தேகிக்கமாட்டம். வடலி சொல்லுறதிலை அவ்வளவு உண்மை இருக்கு. ஆனால் அது பக்தி இல்லை, செலவு. மலிவான சந்தேகத்தை முதல்லை தீர்க்கிறம்.
எனக்குப் பயம் வேறை இடத்திலை. கடல்மட்டத்துக்கு மேலை 1 அடி நன்னீர் நிண்டால் கீழை 40 அடி நன்னீர் எண்ட கைபன்-ஹேர்ஸ்பேர்க் விதி, 1.000, 1.025 எண்ட ரெண்டு அடர்த்தியிலையிருந்து வருது. நீர் அசையாமல் நிக்குது, உவரும் நன்னீரும் கோடு கிழிச்சமாதிரிப் பிரியுது எண்டது எடுகோள். எங்கடை சுண்ணக்கல்லிலை குகையும் வெடிப்பும். கலப்பு வலயம் தடிப்பு. 40ஐ நம்பித் துளைச்சு மோட்டர் போட்டால், உவர் கூம்புமாதிரி மேலை ஏறி வாழைத்தோட்டத்துக்கு வந்திடும். எடுகோள் பாடப்புத்தகத்திலை தெளிவாக் கிடக்கு. அறிக்கைக்கு வரேக்கை எண் மட்டும் வருது.

குழாய்க்கிணறு:
அது சோம்பல். விஞ்ஞானத்திலை ஏன் பழி? துகள் பௌதிகத்திலை இப்ப, எதிர்பாத்த விடைக்கு வளைக்கேலாதபடி, தரவோடை ஒளிச்ச எண் ஒண்டைக் கூட்டிவைச்சு, பகுப்பாய்வு முடிஞ்ச பிறகுதான் கழிக்கினம். பேர்ஜ் காலத்துப் பிழைக்கு அதுதான் மருந்து.

வடலி:
அது எண்ணுக்கு மருந்து. எடுகோளுக்கு?

சுண்ணக்கல்:
உப்புத்தண்ணி மின்சாரத்தைக் கூடக் கடத்தும், அதாலை மின்கடத்துதிறன் மானியைக் கிணத்துக்குள்ளை மீற்றருக்கு மீற்றர் இறக்குங்கோ. உவர் எங்கை துவங்குதெண்டு தெரியும், 40 தேவையில்லை.

வடலி:
மானியை எதை வைச்சு அளவுதிருத்தினனீங்கள்?

சுண்ணக்கல்:
0.01 மோலர் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசல். 25 பாகையிலை சென்ரிமீற்றருக்கு 1413 மைக்ரோசீமன் காட்டவேணும். கரைசலிலை சந்தேகம் எண்டால் உப்பை உலர்த்தி, லீற்றருக்கு 0.746 கிராம் நிறுத்து நீங்களே கரையுங்கோ. தராசைப் பற்றி நாளைக்குக் கேளுங்கோ.