ஈட்டன் தீ: உங்களுக்கு யார் சொல்லித் தெரிந்தது?

லேக்_மேற்கு:
2025 ஜனவரி 7. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து எங்கள் ஆல்டடீனாவில் ஈட்டன் காட்டுத்தீ பரவிய இரவு. லேக் அவென்யூவுக்குக் கிழக்கே இருந்தவர்களை இரவு தொடங்கும்போதே கிளம்பச் சொல்லிவிட்டார்கள். மேற்கே எங்களுக்கு உத்தரவு வந்தது அதிகாலை 3 மணிக்கு மேல். இறந்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் பக்கத்தினர் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எங்களை எழுப்பியது எதிர்வீட்டு மெக்சிகோ பாட்டி. கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார். மூலை வீட்டுக் கிழவர் காதுக் கருவியைக் கழற்றிவிட்டுத் தூங்குபவர் என்பது பாட்டிக்குத் தெரியும். பூந்தொட்டியைத் தூக்கி ஜன்னலில் எறிந்தார். கண்ணாடி நொறுங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த தெருவில் அப்படி ஒரு பாட்டி இருந்தாரா?

க்ளெண்டேல்வாசி:
வாட்ச் டியூட்டி என்ற காட்டுத்தீச் செயலியை வைத்திருந்தால் பாட்டியை நம்ப வேண்டியதில்லை. அதன் ஆட்கள் தீயணைப்பு வயர்லெஸ்ஸை இரவெல்லாம் கேட்டு எழுதுகிறார்கள். மலைக் கேமராவும் அதிலேயே தெரியும். என்னை உறுத்துவது 9ஆம் தேதி. ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குத் கைப்பேசியில் தவறுதலாகப் போனதே, அந்த வெளியேற்ற எச்சரிக்கை! என் மாமியார் பூஜையறைப் படங்களைப் புடவையில் சுற்றிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். தவறு என்று மறுசெய்தி வந்ததும் எச்சரிக்கை ஒலியையே அணைத்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் மறுபடி போட மாட்டேன் என்கிறார்.

கோவை_மாப்பிள்ளை:
க்ளெண்டேல்வாசி, மின்சாரமும் டவரும் போனால் உங்கள் செயலி என்ன செய்யும்? எனக்கு மிச்சமிருந்த சார்ஜை ஊரிலிருந்து வந்த அழைப்புகளே தின்றுவிட்டன. மலைமேல் நிற்கும் ஹாலிவுட் பெயர்ப்பலகை எழுத்துகள் எரிகிற படத்தைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா அலறினார். செயற்கை நுண்ணறிவு செய்த படம். எழுத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஃபோட்டோவே வந்திருக்கிறது, நீ மறைக்கிறாய்" என்றார்.

ராதா_வெஸ்ட்சைட்:
நாங்கள் பாலிசேட்ஸ், அதே நாள் வேறொரு தீயில் எரிந்த பகுதி. நெரிசலில் காரை நடுச்சாலையில் விட்டுவிட்டு இறங்கி நடந்தோம், அவ்வளவுதான். சண்டையை விடுங்கள். பேட்டரி ரேடியோ ஒன்று வாங்குங்கள். வீட்டின் வெளியேற்ற மண்டல எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள். உத்தரவு பெரும்பாலும் அந்த எண்ணில்தான் வரும். வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் நேரமும் இடமும் போடுங்கள். "இப்போது எரிகிறது" என்று காலையில் எழுதியது ராத்திரியும் சுற்றுகிறது. திரும்பிப் போன பிறகு காற்றுத் தரக் குறியீடு பச்சை என்று பிள்ளைகளை முற்றத்தில் விடாதீர்கள். அது காற்றிலுள்ள நுண்துகள், ஓசோன் போன்றவற்றைத்தான் காட்டும், சாம்பலில் கிடக்கும் ஈயத்தைக் காட்டாது.