புதுப்பிப்பு: கடைசி வரிப் புதிரின் விடைகள்

மூன்று வரலாற்று நூல்களின் கடைசி வரியைத் தந்து நூலைக் கேட்டிருந்தேன். விடைகள் இதோ.

'எபேசுக்குப் போய் ஆர்ட்டெமிசுக்குப் பலியிட்டான்' என்பது கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிய போர் வரலாறு. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையிலான அந்தப் பெலொப்பொனேசியப் போர் கி.மு. 404 வரை நடந்தது, நூலோ கி.மு. 411-லேயே பாதியில் அறுந்து நிற்கிறது. முடிவுரைத் தொனியைத் தேடினால் இது சிக்காது. பலியிட்டவன் பாரசீக ஆளுநர் திஸ்ஸபெர்னஸ். செனபோன் என்ற மற்றொரு கிரேக்க வரலாற்றாசிரியரின் நூலிலும் அவன் வருவதால்தான் குழப்பம். துசிடிடீஸின் சில பதிப்புகளில் இந்த வரிக்குப் பின் போரின் '21-ஆம் ஆண்டு' பற்றி ஒரு வரி உண்டு; அது பிற்சேர்க்கையாகக் கருதப்படுகிறது.

'இதன் பின் நடந்தவற்றை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்' செனபோனின் ஹெலனிக்கா.

ரோமின் கேப்பிட்டல் குன்று இடிபாடுகளையும் ஏறக்குறைய 20 ஆண்டு உழைப்பையும் பேசும் மூன்றாவது வரி, எட்வர்ட் கிப்பனின் 'ரோமப் பேரரசின் சரிவும் வீழ்ச்சியும்' நூலுடையது. இதைப் பிறரிடம் கேட்டால், அடியிலுள்ள 'லொசான், ஜூன் 27, 1787' என்பதை மறைத்துவிட்டுக் கேளுங்கள். இல்லையேல் விடை உடனே தெரிந்துவிடும்.