டமாக்சிஃபென் ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க, பயமா இருக்கு. போட்டுக்கிட்டு இருக்கறவங்க சொல்லுங்க

பெரம்பூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 43 வயசு. இடது மார்புல கேன்சர் கட்டி, ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சிருச்சு. ரிப்போர்ட்ல ஈஆர் பிஆர் (கட்டி ஹார்மோனால வளர்ற வகையான்னு பாக்கற டெஸ்ட்) ரெண்டும் பாசிட்டிவ், ஹெர்2ங்கற புரதம் நெகட்டிவ். டாக்டர் டமாக்சிஃபென்ங்கற ஹார்மோன் தடுப்பு மாத்திரை 20 மில்லிகிராம் தினம் ஒண்ணு, குறைஞ்சது 5 வருஷம்னு எழுதிக் கொடுத்தாங்க. ஓபில அன்னைக்கு அவ்ளோ கூட்டம், எதுவும் கேக்க முடியல. மாத்திரை வாங்கி வச்சாச்சு, ஆனா இன்னும் அட்டையைப் பிரிக்கல. உள்ள இருந்த பேப்பர்ல கர்ப்பப்பை கேன்சர் வரலாம், கால்ல ரத்தம் கட்டலாம்னு போட்டிருக்கு, அதப் படிச்சதுல இருந்து தூக்கமே இல்ல, ஒண்ணுக்கு மருந்து சாப்பிட்டு இன்னொண்ண இழுத்து விட்டுக்கணுமான்னு இருக்கு. மாமியார் வேற "கத்தியும் வச்சாச்சு கரண்டும் வச்சாச்சு, இன்னும் எதுக்கு மாத்திரை"ங்கறாங்க. கீமோல பீரியட்ஸ் நின்னுடுச்சு, இப்பவே திடீர் திடீர்னு உடம்பு கொதிக்குது. தி.நகர்ல துணிக்கடைல நாள் பூரா நின்னுக்கிட்டு வேலை, மே மாசம் வேற வருது. எப்படி சமாளிக்கறீங்க?

வேளச்சேரி அக்கா:
தங்கச்சி, முதல்ல அந்த அட்டையைப் பிரிச்சு இன்னைக்கு ராத்திரியே ஒண்ணு போடும்மா. நான் 5 வருஷம் முடிச்சுட்டு டாக்டர் சொன்னதால இன்னும் தொடர்ந்து போட்டுக்கிட்டு இருக்கேன். சூடு வரும், பொய் சொல்ல மாட்டேன். கழுத்துல ஆரம்பிச்சு முகம் காது எல்லாம் ஏறி, வேர்த்துக் கொட்டி, கொஞ்ச நேரத்துல அடங்கிடும், அப்புறம் குளுரும். முதல் சில மாசம்தான் ரொம்பப் படுத்துச்சு, போகப் போக குறைஞ்சுது. சுடச்சுட காபி, காரக்குழம்பு ரெண்டும் எனக்கு உடனே கிளப்பி விட்டுடும், அதனால காபிய ஆற வச்சுத்தான் குடிக்கறேன். நைலான் நைட்டி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு காட்டன் மட்டும். பைல ஒரு ஈரக் கைக்குட்டை எப்பவும் இருக்கும், எலக்ட்ரிக் ட்ரெயின்ல லேடீஸ் பெட்டில வேர்த்து ஊத்தினா அதுதான் கை கொடுக்கும். காலைல போடலாமா ராத்திரி போடலாமான்னு குழம்பாத, எந்த நேரம்னாலும் ஒண்ணுதான், தினமும் அதே நேரமா இருக்கணும். நான் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்.

கடைல சூப்பர்வைசர்கிட்ட சொல்லி நடுநடுவுல கொஞ்சம் உக்கார கேட்டு வாங்கும்மா. தமிழ்நாட்டுல 2021லயே கடை ஊழியர்களுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு சட்டமே வந்தாச்சு, கேக்க கூச்சப்படாத.

ஆன்கோ வார்டு நர்ஸ்:
சிஸ்டர், பேப்பர்ல போட்டிருக்கறது பொய்யில்ல, ஆனா அது யாருக்கு எவ்ளோன்னு அதுல புரியாது. உங்க கட்டி ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோனைப் பிடிச்சுக்கிட்டு வளர்ற வகை. அந்த ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டற இடத்துல இந்த மாத்திரை முதல்ல உக்காந்துக்கும், அதனால எங்கயாவது மிச்சம் மீதி செல் இருந்தாலும் வளர வழியில்ல. ஆபரேஷனும் ரேடியேஷனும் அந்த இடத்துக்கு, இது உடம்பு முழுக்க, அத மாமியார்கிட்ட இப்படியே சொல்லுங்க. உங்கள மாதிரி ஈஆர் பாசிட்டிவ் உள்ளவங்க 5 வருஷம் ஒழுங்கா போட்டா, 15 வருஷத்துல இந்த நோயால சாகறது ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு குறையுதுன்னு பெரிய ஆய்வுகளச் சேர்த்துப் பாத்து சொல்லியிருக்காங்க. மாத்திரைய நிறுத்தினதுக்கு அப்புறமும் அந்தப் பாதுகாப்பு தொடருது.

கர்ப்பப்பைல மட்டும் இது கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேலை செய்யும், அதான் அந்த எச்சரிக்கை. ஆனா அந்த ஆபத்து கூடறது பெரும்பாலும் மாதவிடாய் முழுசா நின்ன, 55 தாண்டினவங்களுக்கு. உங்க வயசுல ரொம்பக் குறைவு. ஆனாலும் வழக்கத்துக்கு மாறா ரத்தப்போக்கு இருந்தா தள்ளிப் போடாம கைனகாலஜிஸ்ட்டப் பாருங்க. ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைச்சதை வலிச்சா, மூச்சு வாங்கினா, நெஞ்சு குத்தினா அடுத்த ஓபி வரைக்கும் காத்திருக்காம உடனே எமர்ஜென்சிக்குப் போங்க. வேற ஏதாவது ஆபரேஷன்னாலும் இந்த மாத்திரை போடறத முன்னாடியே சொல்லணும்.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. கீமோல பீரியட்ஸ் நின்னா கர்ப்பம் ஆகாதுன்னு இல்ல, திரும்ப வரலாம். இந்த மாத்திரைல இருக்கும்போது கர்ப்பம் ஆகவே கூடாது, கருத்தடை மாத்திரையும் கூடாது, காப்பர் டி இல்லன்னா காண்டம், இதுல ஒண்ணுதான். மனசு சரியில்லன்னு வேற டாக்டரப் பாத்தா இதச் சொல்லிட்டு மருந்து வாங்குங்க, ஃப்ளூஆக்ஸிடின் பராக்ஸிடின் ரெண்டும் டமாக்சிஃபென் வேலைய கெடுக்கும்.

பெரம்பூர்வாசி:
ரொம்ப நன்றி, படிச்சுட்டு அழுதுட்டேன். ஒரு சந்தேகம், என் கூடப்பிறந்த அக்கா ஊர்ல இருந்து தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியமும் மஞ்சள் கேப்ஸ்யூலும் அனுப்பியிருக்கா, சூட்டுக்கு நல்லதுன்னு. சாப்பிடலாமா? ஒரு நாள் மறந்துட்டா ரெண்டு போடணுமா?

ஆன்கோ வார்டு நர்ஸ்:
ரெண்டு போடாதீங்க. அன்னைக்கே ஞாபகம் வந்தா போடுங்க, மறுநாள்தான் தெரிஞ்சுதுன்னா வழக்கம் போல ஒண்ணு மட்டும். சாம்பார்ல போடற மஞ்சள் தாராளமா இருக்கட்டும், கேப்ஸ்யூல் வேண்டாம், மஞ்சள்ல இருக்கற குர்குமினும் மிளகுச் சத்தும் சேர்ந்தது இந்த மருந்தோட அளவ ரத்தத்துல குறைக்குதுன்னு பாத்திருக்காங்க. தண்ணீர்விட்டான் ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யலாம்னு சொல்றாங்க, டாக்டர்கிட்ட காட்டாம தொடவே தொடாதீங்க. சூடு தாங்கலன்னா வென்லாஃபாக்ஸின் மாதிரி இதோட ஒத்துப்போற மருந்து இருக்கு, கேளுங்க.

அம்மாவின் மகள்:
எங்கம்மாவுக்கு 61, அவங்களுக்கு டமாக்சிஃபென் இல்ல, லெட்ரோசோல்ங்கற வேற ஹார்மோன் மாத்திரை, 2.5 மில்லிகிராம். அதுல காலைல எழுந்தா விரல் மடக்க முடியாம மூட்டு வலி, எலும்பும் தேயும்னு எலும்பு அடர்த்தி பாக்கற டெக்சா ஸ்கேன் எடுத்து கால்சியம், வைட்டமின் டி குடுத்தாங்க. வலி தாங்காம யார்கிட்டயும் சொல்லாம நிறுத்திட்டாங்க, அத நான் காலி ஆகாத அட்டையப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன். டாக்டர்கிட்ட சொன்னதும் திட்டல, கொஞ்ச நாள் இடைவெளி விட்டு அதே வகைல அனாஸ்ட்ரோசோல்ங்கற மாத்திரைக்கு மாத்தினாங்க, இப்ப பரவால்ல, தினமும் சாயங்காலம் பீச்ல நடக்கறாங்க. அக்கா, உங்களுக்கும் முடியலன்னா நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க, மாத்த வழி இருக்கு. ஓபி கூட்டத்துல கேக்க வந்தது மறந்துடும், ஒரு சீட்டுல எழுதிட்டுப் போங்க, கூட ஒருத்தரக் கூட்டிட்டுப் போங்க.

பெரம்பூர்வாசி:
இப்பதான் சாப்பிட்டு முடிச்சு முதல் மாத்திரை போட்டேன். மாமியாருக்கும் நர்ஸ் சிஸ்டர் எழுதினத படிச்சுக் காட்டிட்டேன். அவங்களே தினமும் ஒன்பது மணிக்கு ஞாபகப்படுத்தறேன்னு சொல்லியிருக்காங்க.