இரண்டு மடங்கு சம்பளம், விட மனம் வராத வார்டு: குலசேகரத்துத் தங்கைக்கு ஒரு பதில்

கேள்வி:

ஷார்ஜாவுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது அக்கா. ஊர் குலசேகரம். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். தனியார் மருத்துவமனை ஒன்றில், பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். சம்பளம் 4,500 திர்ஹம். இந்த வேலை எனக்கு உயிர். இப்போது துபாயில் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் 9,000 தருவதாகச் சொல்கிறார்கள். இரவு டியூட்டி கிடையாது. ஊரில் ஆறு லட்சம் நகைக்கடன் இருக்கிறது, வீட்டுக்கு இன்னும் கான்கிரீட் வார்ப்பு (கூரை) போடவில்லை. என்ன செய்வது?

பதில்:

மக்களே, (நம் ஊரில் ஒருத்தியைக் கூப்பிடவும் பன்மைதான், வேறு மாவட்டத்தார் இதைப் படித்தால் குழம்ப வேண்டாம்) நீ கேட்டிருக்கும் இதே கேள்விக்கு நானும் ஒருமுறை பதில் சொல்ல வேண்டியிருந்தது. நான் மார்த்தாண்டம். 2009-இல் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினேன். 1956 நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது நம் கன்னியாகுமரி மாவட்டம். ஆனாலும் வளைகுடாவுக்குப் புறப்படும் குமரிக்காரர்களுக்கு இன்றும் வாசல் அந்த விமான நிலையம்தான்.

மனதைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த 9,000-ஐப் பிரித்துப் பார்.

இப்போது உனக்கு விடுதி இலவசம், பஸ் இலவசம், டியூட்டி நேரத்தில் ஒரு வேளைச் சாப்பாடு, வருடத்துக்கு ஒரு விமான டிக்கெட். புதிய இடத்தில் இவற்றைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை; கிடையாது என்றே வைத்துக்கொள்கிறேன். துபாயில் இன்னொரு பெண்ணோடு பகிர்ந்துகொள்ளும் அறைக்கு 1,800 போகும். போக்குவரத்துக்கு 400. சாப்பாட்டுக்கு 600. டிக்கெட்டை மாதக் கணக்கில் பிரித்தால் 100. ஆக 2,900. கூடுதலாக வரும் 4,500-இல் கையில் நிற்பது 1,600. வாடகையை மிச்சம் பிடிக்க ஷார்ஜாவிலேயே தங்கிக்கொண்டு துபாய்க்குப் போய் வரலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரை ஒரு வாரம் காலை ஏழு மணிக்கு அந்தச் சாலையில் பயணம் செய்யச் சொல்.

1,600 திர்ஹமைச் சின்னத் தொகை என்று நான் சொல்லமாட்டேன். மாதம் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். அப்பா மழைக்காலத்தில் வெட்டு நின்று வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நீ, அந்தத் தொகை வீட்டில் என்ன செய்யும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது இரண்டு மடங்கு இல்லை. இப்போதைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். இரண்டு மடங்கு என்ற சொல்லைக் கேட்டதும்தான் உனக்குத் தூக்கம் போயிருக்கிறது.

அடுத்து, வேலைக் கடிதத்தில் 'அடிப்படைச் சம்பளம்' என்று ஒரு வரி இருக்கும். புதிதாக வந்த யாரும் அதைப் பார்ப்பதில்லை, நானும் அன்று பார்க்கவில்லை. அமீரகத்தில் வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடையை மொத்தச் சம்பளத்தில் கணக்கிடமாட்டார்கள், அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடுவார்கள். முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள். குறைந்தது ஒரு வருடம் முடித்திருக்க வேண்டும். உன் மருத்துவமனையில் அடிப்படை 3,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,100 திர்ஹம் சேரும். அந்த 9,000-இல் அடிப்படை 2,700 என்று போட்டு மீதியைப் படிகளாகக் காட்டியிருந்தால், இருமடங்கு சம்பளக்காரிக்குச் சேருவது 1,890. வேலை பறிபோனால் கைகொடுக்கும் கட்டாயக் காப்பீடும் அப்படித்தான். மாதம் ஐந்து திர்ஹம் கட்டுகிறோமே, அதில் கிடைப்பது அடிப்படைச் சம்பளத்தின் 60 சதவீதம், அதிகபட்சம் மூன்று மாதம். பன்னிரண்டு மாதம் விடாமல் கட்டியிருக்க வேண்டும், நீயாக ராஜினாமா செய்தால் ஒன்றும் கிடையாது.

தகுதிகாண் காலத்தில் வேலை மாறினால் விசாச் செலவை உன் தலையில் கட்டுவார்கள் என்று விடுதித் தோழிகள் பயமுறுத்தியிருப்பார்கள். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் இங்கேயே வேறு நிறுவனத்துக்குப் போவதானால் ஒரு மாத முன்னறிவிப்பு எழுத்தில் கொடுக்க வேண்டும். உன்னை அழைத்துவந்த செலவைப் பழைய நிறுவனம் கேட்டால், கொடுக்க வேண்டியது புதிய நிறுவனம், நீ இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை கிடையாது. ஆகவே, போவதானாலும் இருப்பதானாலும் பயத்தால் முடிவெடுக்காதே.

இனி என் கதை. நானும் சிசுக்கள் வார்டில்தான் இருந்தேன். எண்ணூறு கிராமில் பிறந்த குழந்தையின் கையில் நரம்பு தேடி ஊசி ஏற்ற வேண்டுமென்றால் இரவு டியூட்டி டாக்டர் என்னைத்தான் கூப்பிடுவார். நான்கு வருடம் அப்படி இருந்தேன். 2013-இல் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. சீட்டுப் பணம், தங்கையின் கல்யாணக் கடன் எல்லாம் சேர்ந்து பதினொரு லட்சம். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். குளிரூட்டிய அறை, இரண்டு கணினித் திரைகள், எந்தச் சிகிச்சைக்கு அனுமதி, எதற்கு மறுப்பு என்று நாள் முழுவதும் டிக் போடும் வேலை. யாரும் அழுவதில்லை, யாரும் பிழைத்து வீட்டுக்குப் போவதும் இல்லை. மூன்றே வருடத்தில் கடன் தீர்ந்தது. அந்த முடிவுக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அப்பா இருக்கிறார், வீடு நிற்கிறது.

வார்டுக்குத் திரும்ப நினைத்தபோதுதான் சிக்கல். நோயாளிகளோடு வேலை பார்ப்பதில் இரண்டு ஆண்டுக்கு மேல் இடைவெளி விழுந்தால், இங்கே உரிமம் வாங்குவது பழையபடி எளிதாக இருக்காது. மேற்பார்வையில் பயிற்சி எடு என்பார்கள். பழைய சம்பளத்தைவிடக் குறைவாக ஒப்புக்கொண்டு, என்னைவிட ஆறு வயது சின்னவளுக்குக் கீழே நின்று பயிற்சி எடுத்தேன். அதுகூடப் பரவாயில்லை. முதல் வாரம் ஒரு குழந்தையின் கையைப் பிடித்தேன், நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாம் முறையும் கிடைக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண் ஒன்றும் சொல்லாமல் என்னிடமிருந்து ஊசியை வாங்கிக்கொண்டாள். பதினொரு லட்சத்துக்கு நான் என்ன கொடுத்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

உன் அப்பாவிடம் கடும்வெட்டு என்றால் என்ன என்று கேட்டுப் பார். ஏழாம் வருடத்தில் வெட்டத் தொடங்கி, ஒன்றுவிட்டு ஒரு நாள் ஓய்வு கொடுத்து, பட்டையைப் பார்த்துப் பார்த்து வெட்டினால் ரப்பர் மரம் இருபத்தைந்து வருடம் பால் தரும். மரத்தையே விற்கப் போகிறோம் என்று முடிவான பிறகு கடைசி ஒன்றிரண்டு வருடம் கணக்குப் பார்க்காமல் வெட்டி எடுப்பார்கள், அதுதான் கடும்வெட்டு. அதில் தப்பே இல்லை, மரம் எப்படியும் போகிறதுதானே. மூன்று வருடத்தில் ஊருக்குத் திரும்பி நர்ஸ் வேலையையே விட்டுவிடுவதாக இருந்தால் நாளைக்கே துபாய்க்குப் போ என்று சொல்லியிருப்பேன். உனக்கு வயது இருபத்தைந்தோ இருபத்தாறோ இருக்கும். மரம் இப்போதுதான் வெட்டுக்கு வந்திருக்கிறது.

கடனைப் பார்ப்போம். ஆறு லட்சம், பன்னிரண்டு சதவீத வட்டி என்றால் மாதம் ஆறாயிரம் ரூபாய் வட்டிக்கே போகும். துபாய்க்குப் போய் அந்தக் கூடுதல் 1,600-ஐ ஒரு காசு விடாமல் கடனில் போட்டால் தீர ஒன்றரையிலிருந்து இரண்டு வருடம் ஆகும். இடைவெளி சிக்கலாகும் அளவும் அந்த இரண்டு வருடம்தான். இன்னும் ஆறு மாதம், வார்ப்பும் முடிந்துவிடட்டும் என்று நீட்டினாய் என்றால் என் வரிசையில் வந்து நிற்பாய். எல்லோரும் நீட்டுகிறார்கள். நான் நீட்டினேன்.

உன் இடத்தில் நான் இருந்தால் இந்த வேலைக்கு இப்போது போகமாட்டேன். பிடித்த வேலைக்கே கூடுதலாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், நான்கு மாத அனுபவத்துக்குத்தான் கொடுக்கமாட்டார்கள். இந்த வார்டில் இரண்டு வருடம் முடி. அதற்குள் துபாய் சுகாதார ஆணையத்தின் உரிமத்துக்கும் வழி பார்; ஷார்ஜாவில் உனக்கு இருப்பது சுகாதார அமைச்சகத்தின் உரிமம், துபாய்க்கும் அபுதாபிக்கும் தனித்தனியாகவே இருந்து வந்தது, இப்போதைய விதியைக் கேட்டுக்கொள். சிசு தீவிர சிகிச்சையில் தேறிய கைக்கு இங்கே எப்போதும் கிராக்கி உண்டு. நெய்யூரில் 1838-இல் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய மாவட்டத்திலிருந்து வருகிறோம். குமரி நர்ஸ் என்றால் வேலை தெரிந்தவள் என்று நினைக்கும் மேட்ரன்கள் (தலைமை நர்ஸ்கள்) இன்றும் இருக்கிறார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமை கலந்திருக்கிறது, மன்னித்துக்கொள்.

ஆனால் கடன் நீ சொன்னதைவிட அதிகம் என்றாலோ, நகை ஏலத்துக்குப் போகும் நிலை என்றாலோ என் பதில் மாறும். அப்போது போ. போவதற்கு முன் திரும்பும் தேதியை எழுதி வைத்துக்கொண்டு போ, விடுமுறை நாட்களில் பயிற்சி வகுப்புகளை விடாதே.

நீ கேட்காத ஒன்று: ஊரில் இருக்கும் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்தை வைக்கும் வங்கிக் கணக்கு) மாற்றியாயிற்றா? இங்கிருந்து அனுப்புவதற்குத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை வைக்கும் கணக்கு) தொடங்கு, அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. இதையெல்லாம் வந்த முதல் மாதமே செய்திருக்க வேண்டும்.

தங்கை மறுபடி கேட்டது: வீட்டில் 9,000 என்று ஏற்கனவே சொல்லிவிட்டேன் அக்கா. அம்மா கல்யாணத் தரகரிடமும் சொல்லிவிட்டார்கள். இப்போது எப்படி இல்லை என்பது?

அதுதானே பார்த்தேன். நம் பக்கத்தில் பெண்ணின் சம்பளம் அவள் கைக்கு வருவதற்கு முன்பே தரகரின் நோட்டுப் புத்தகத்துக்குப் போய்விடும். 9,000-ஐக் கேட்டு வருகிற மாப்பிள்ளை 9,000-க்குத்தான் வருகிறான் என்பது என் கருத்து, அம்மாவிடம் இதை இப்படியே சொல்ல வேண்டாம். முதலில் அப்பாவிடம் பேசு. வெட்டு முடிந்து, பால் எடுத்து, ஷீட் அடித்துவிட்டு அவர் வீட்டுக்கு வர ஊரில் மணி பதினொன்று ஆகும், உனக்கு ஒன்பதரை. இரவு டியூட்டி முடிந்து விடுதிக்குப் போனதும் கூப்பிடலாம். அந்த 2,900 கணக்கைச் சொல், கடும்வெட்டு என்று ஒரு சொல் சொல். அம்மாவுக்கு அவர் சொல்லிக்கொள்வார்.

இதற்கிடையில் அந்த அலுவலகம் அனுப்பிய கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, தங்குமிடம் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்து எனக்கு அனுப்பு. நான் போட்ட கணக்கு தப்பாகவும் இருக்கலாம். சனிக்கிழமை எனக்குப் பகல் டியூட்டி, இரவு எட்டுக்குப் பிறகு பேசலாம்.