இரண்டாம் வரைவில் மாட்டிக்கொண்டேன், வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் கட்டுரை எழுதும் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். வகுப்பறையில் கைபேசி இருக்கலாமா என்பதுதான் தலைப்பு. முதல் வரைவு 1,200 சொல். திருத்திக் கொடுத்தேன், 'இது பிழைதிருத்தம், மறுவரைவு இல்லை' என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டார் ஆசிரியர். உண்மைதான். ஒற்றுப்பிழை, காற்புள்ளி, நாலைந்து சொல் மாற்றம், அவ்வளவுதான் செய்திருந்தேன்.

அப்புறம் ஒவ்வொரு பத்திக்கும் எதிரே அது என்ன சொல்கிறது என்று ஒரே வரியில் குறித்துப் பார்த்தேன். இரண்டாம் பத்திக்கும் ஐந்தாம் பத்திக்கும் ஒரே வரி வந்தது: 'கவனம் சிதறுகிறது'. நான்காம் பத்திக்கு ஒன்றுமே எழுத வரவில்லை. நான் ரசித்து எழுதியதே அந்தப் பத்திதான்! அதைவிடக் கொடுமை, என் மையக் கருத்து கடைசிப் பத்தியில்தான் தலைகாட்டுகிறது: தடை போடுவதைவிட, எப்போது எடுக்கலாம் என்று வகுப்பே கூடி முடிவு செய்யட்டும். தொடக்கத்தில் இருப்பதோ 'நன்மையும் உண்டு, தீமையும் உண்டு' என்ற வழவழா வரி.

சரி, கேள்விக்கு வருகிறேன். அந்தக் கடைசிப் பத்தியை முன்னால் கொண்டுவந்து மற்றதை ஒட்டவைக்கலாமா, இல்லை கோப்பை மூடிவிட்டு வெற்றுத்தாளில் புதிதாகத் தொடங்குவதா? ஒட்டவைத்தால் தையல் தெரியுமோ என்று பயம். நான்காம் பத்தியை வெட்டவும் மனசு வரவில்லை. நீங்கள் வெட்டியதை எல்லாம் என்ன செய்வீர்கள்? இன்னொன்று, உரக்கப் படித்துப் பார் என்கிறார்கள். அதை எந்தக் கட்டத்தில் செய்வது?

சமர்ப்பிக்க ஐந்து நாள் இருக்கிறது. எழுதிப் பழகியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.