அடுப்பில்லாச் சாப்பாடு, காகிதக் கூழ் கூடை: யோசனை சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். விடுமுறைக்கு அக்கா பிள்ளைகளும் வந்துவிட்டார்கள், மதுரை வெயிலில் பதினோரு மணிக்கு மேல் அடுப்படியில் நிற்கவே முடியவில்லை, அதனால் மதியத்துக்கும் சேர்த்துக் காலையிலேயே வேலையை முடித்துவிடப் பார்க்கிறேன். கம்பங்கூழ், மோர்மிளகாய், சின்ன வெங்காயம் எல்லாம் பெரியவர்களுக்குச் சரி. பிள்ளைகளுக்கு ஊறவைத்த அவலில் தேங்காய்த்துருவலும் வெல்லமும் போட்டுக் கொடுத்தால் தட்டு காலி. இதே மாதிரி அடுப்பு பற்றவைக்காமல், அவர்களே கலந்துகொள்கிறபடி, காரமாக ஏதாவது சொல்லுங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். பரணில் பழைய செய்தித்தாள் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. எங்கள் அப்பத்தா காகிதத்தைக் கிழித்து ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டுரலில் ஆட்டி, குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் அந்தக் கூழை அப்பிக் காயவைத்துக் கூடை செய்வார். வற்றலும் புளியும் போட்டுவைக்க அத்தனை வாகாக இருக்கும். வெந்தயம்தான் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும், பூச்சியும் அண்டாது என்பார். அதைப் பிள்ளைகளோடு செய்ய ரொம்ப ஆசை, கேட்கத்தான் அவர் இல்லை.

ஒரு கிலோ காகிதத்துக்கு எவ்வளவு வெந்தயம்? மிக்ஸியில் அரைத்தால் அதே பதம் வருமா? விரிசல் விடாமல் இருக்க நிழலில் உலர்த்துவதா, வெயிலிலா? எவர்சில்வர் குடத்திலிருந்து உடையாமல் கழற்ற என்ன தடவ வேண்டும்? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.